கிகா ஹெர்ட்ஸ் கேட்கிறீர்கள், வாட் கேட்டீர்களா?

"சார், இது எத்தனை கிகா ஹெர்ட்ஸ்?"

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைக்காரரும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். விலைப்பட்டியலிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிற நாம், "இது எத்தனை வாட் இழுக்கும்?" என்று மட்டும் கேட்பதே இல்லை. பிரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுகிறோம். ஏ.சி. வாங்கும்போது கரண்ட் பில்லை நினைத்துக் கணக்குப் போடுகிறோம். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் வேகம், வேகம் என்று ஓடுகிறோம்.

ஓசூரில் எங்கள் தெருவில் ஒரு தம்பி அப்படித்தான் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கல்லூரிப் பாடம், கொஞ்சம் விளையாட்டு, அப்பாவின் லேத் பட்டறைக்கு பில் போடுவது, இவ்வளவுதான் வேலை. கடையில் இருந்ததிலேயே அதிக கிகா ஹெர்ட்ஸ் உள்ள பிராசசரைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு மாதம் கழித்து அவன் அப்பா கரண்ட் பில்லோடு என்னிடம் வந்தார். "சார், இந்தப் பெட்டி ஹீட்டர் மாதிரி காத்து விடுதே, ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். ரிப்பேர் எதுவும் இல்லை. அது அப்படி இயங்கத்தான் அமைக்கப்பட்டிருந்தது.

இந்தக் கட்டுரை அவருக்குச் சொன்ன பதில்தான். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கிகா ஹெர்ட்ஸ் என்பது என்ன?

ஓசூர் சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஷிப்ட் சங்கு தெரியும். சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் வெளியே வரும், அடுத்த ஷிப்ட் உள்ளே போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வதற்கு ஒரு பொதுவான சத்தம் தேவைப்படுகிறது.

பிராசசருக்குள்ளும் ஒரு சங்கு இருக்கிறது. அதற்கு கிளாக் என்று பெயர். நாம் கடிகாரத் துடிப்பு என்று சொல்லலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரு படி நகர்கின்றன. 4 கிகா ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 400 கோடி முறை சங்கு ஊதுகிறது என்று பொருள்.

இங்கேதான் சிக்கல். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சங்கு ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சில்லின் ஒவ்வொரு மூலைக்கும் அந்தத் துடிப்பு ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்காகச் சில்லு முழுவதும் மரக்கிளை போலக் கம்பிகளையும், துடிப்பைத் தள்ளிவிடும் பெருக்கிகளையும் பரப்பி வைத்திருக்கிறார்கள். இதை கிளாக் ட்ரீ என்பார்கள். சில்லிலேயே ஓய்வு இல்லாமல் உழைக்கும் பகுதி இதுதான்.

இது எவ்வளவு மின்சாரத்தைத் தின்னும்? 1992ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் ஆல்ஃபா 21064 என்ற பிராசசரை வெளியிட்டது. 200 மெகா ஹெர்ட்ஸ் வேகம் அன்றைக்கு மலைக்க வைத்தது. அது செலவழித்த சுமார் 30 வாட்டில் ஏறக்குறைய 40 சதவிகிதம் இந்தத் துடிப்பைப் பரப்புவதற்கே போனது! கணக்குப் போடுவதற்கு அல்ல, சங்கு ஊதுவதற்கு மட்டும்.

நம் ஊர் மணிக்கட்டில் ஒரு பாடம்

இதற்கு நேர் எதிரான ஒரு பொருள் எங்கள் ஊரிலேயே தயாராகிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரமும் ஒரு கிளாக் சர்க்யூட்தான். அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது என்ன விசித்திரமான எண் என்கிறீர்களா? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது 32,768. ஆகவே அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தட்ட, விநாடி முள் ஒரு படி நகரும்.

இதில் இருக்கும் சிக்கனத்தைக் கவனியுங்கள். பதினைந்து படிகளில் முதல் படிதான் முழு வேகத்தில் ஓடுகிறது. அடுத்தது பாதி வேகம், அதற்கடுத்தது கால் வேகம். மோட்டாருக்கு விநாடியில் ஒரு சின்னப் பகுதி நேரம் மட்டும் மின்சாரம் போகிறது. மீதி நேரம் தூக்கம். இப்படிப்பட்ட கடிகாரம் மொத்தமாக இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும். ஒன்றரை வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இரண்டு வருடம் தாங்குவது இதனால்தான்.

2002ல் வந்த டைட்டன் எட்ஜ் நினைவிருக்கிறதா? மொத்தத் தடிமனே 3.5 மில்லி மீட்டர். உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லி மீட்டர். அவ்வளவு மெல்லிய கடிகாரத்தில் மெல்லிய பேட்டரியைத்தான் வைக்க முடியும். மெல்லிய பேட்டரி என்றால் மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

100 வாட் இழுக்கும் பிராசசரையும் இந்தக் கடிகாரத்தையும் ஒப்பிட்டால் மின்செலவு ஆறு கோடி மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடம் ஒன்றுதான். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான வேகத்தில் மட்டும் துடிக்க வேண்டும்.

மின்சாரம் எங்கே போகிறது?

இது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம். கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் இறைத்துக் கீழே ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உழைப்பு என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. வாளி எவ்வளவு பெரியது, எவ்வளவு உயரத்துக்கு இறைக்கிறோம், நிமிடத்துக்கு எத்தனை முறை இறைக்கிறோம்.

சில்லில் வாளி என்பது கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் பிடித்து வைக்கும் மின்னேற்றம். உயரம் என்பது வோல்டேஜ். எத்தனை முறை என்பதுதான் கிகா ஹெர்ட்ஸ். இதில் வோல்டேஜ் மட்டும் இரட்டிப்பாகக் கணக்கில் வரும். அதாவது வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்செலவு ஏறும்.

இதில்தான் ரகசியம் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தடுமாறும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். வேகத்தில் 20 சதவிகிதம், வோல்டேஜில் 20 சதவிகிதம் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். 0.8 என்ற எண்ணை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 0.512 வரும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் துடிப்புக்கான மின்செலவில் ஏறக்குறைய பாதி மிச்சம்!

இதையே திருப்பிப் பாருங்கள். கடைசி 20 சதவிகித வேகத்துக்காக நாம் இரண்டு மடங்கு மின்சாரம் கொடுக்கிறோம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண், இந்தக் கடைசித் துண்டுதான்.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள்?

சும்மா இருக்கவில்லை. முதல் வழி, வேலை இல்லாத பிரிவுக்குச் சங்கை நிறுத்திவிடுவது. இதற்கு கிளாக் கேட்டிங் என்று பெயர். ராத்திரி ஷிப்ட் இல்லாத பிரிவில் எதற்குச் சங்கு? அந்தக் கிளையை அடைத்துவிட்டால் போதும். இன்றைய பிராசசர்கள் எல்லாவற்றிலும் இது உண்டு.

இரண்டாவது வழி, வேகத்தையும் வோல்டேஜையும் வேலைக்கு ஏற்ப ஏற்றி இறக்குவது. 2000ல் இன்டெல் தன் லேப்டாப் பிராசசர்களில் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது. ஏ.எம்.டி. தன் டெஸ்க்டாப் பிராசசர்களில் கூல் அண்ட் கொயட் என்று பெயர் வைத்தது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் கையால் தூக்கிக்கொண்டு போய் விடுவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை இலேசாகத் தள்ளினால் போதும். கிளாக் கம்பிகளோடு சிறிய காயில்களைச் சேர்த்து, துடிப்பை ஊஞ்சல் போல ஆடவிட்டால், கீழே ஊற்றிய மின்னேற்றம் வீணாகாமல் திரும்ப வரும். சைக்ளோஸ் செமிகண்டக்டர் என்ற நிறுவனத்தின் இந்த உத்தியை ஏ.எம்.டி. தன் பைல்டிரைவர் பிராசசரில் பயன்படுத்துவதாக 2012ல் அறிவித்தது. 4 கிகா ஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும் சில்லில், துடிப்பைப் பரப்பும் மின்செலவு 24 சதவிகிதம் வரை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஊஞ்சலுக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. அதை விட்டு விலகினால் பலன் குறையும். வேகத்தை அடிக்கடி மாற்றும் சில்லுக்கு இது முழு மருந்தாகாது.

ஓட்டப்பந்தயத்தில் விழுந்த கதை

இவ்வளவு வித்தை தெரிந்தும், விற்பனைக்காக எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, பெண்டியம் 4. 2000ல் வந்த இந்தப் பிராசசர் கிகா ஹெர்ட்ஸை ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. 3.8 கிகா ஹெர்ட்ஸ் வரை ஏறியது. அந்த மாடலின் வெப்ப அளவு 115 வாட். 4 கிகா ஹெர்ட்ஸ் மாடல் வரும் என்று அறிவித்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. 2006ல் கோர் 2 டுவோ வந்தபோது, 2 கிகா ஹெர்ட்ஸுக்கும் குறைவான மாடல்கூட 65 வாட்டுக்குள் பழைய பெண்டியத்தைப் பல வேலைகளில் முந்தியது. எண் சிறியது, வேலை பெரியது!

இரண்டாவது உதாரணம் சமீபத்தியது. புதிதாகவோ பழையதாகவோ கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் உயர்ந்த மாடல்கள் 6 கிகா ஹெர்ட்ஸ் வரை போயின. கோர் ஐ9-14900கே மாடலின் அடிப்படை அளவு 125 வாட், உச்ச அளவு 253 வாட். இந்த வரிசையில் பல பிராசசர்கள் கொஞ்ச காலத்தில் தடுமாற ஆரம்பித்தன. விளையாட்டு பாதியில் நின்றது, திரை நீலமானது. 2024 செப்டம்பரில் இன்டெல் காரணத்தைச் சொன்னது. அதிக வோல்டேஜாலும் வெப்பத்தாலும் பிராசசரின் கோர் பகுதியில் உள்ள கிளாக் ட்ரீ சர்க்யூட் மூப்படைகிறது, அதனால் துடிப்பின் அளவு பிசகுகிறது என்றது. பயாஸ் வழியாகப் போடும் திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது.

கவனித்தீர்களா? முதலில் களைத்து விழுந்தது, ஓய்வே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்த அந்தச் சங்குதான். மின்சாரச் சிக்கனம் என்பது கரண்ட் பில் விஷயம் மட்டுமல்ல, உங்கள் கம்ப்யூட்டரின் ஆயுள் விஷயமும்கூட.

"வேகமாக முடித்துவிட்டுத் தூங்கினால் நல்லதுதானே?"

என் நண்பர் ஒருவர் எல்லையைத் தாண்டி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். இதைச் சொன்னதும் மறுத்தார். "வேகமான பிராசசர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கிவிடும். மெதுவான பிராசசர் ரொம்ப நேரம் விழித்திருக்கும். அப்புறம் எங்கே மிச்சம்?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒரு வெப்சைட்டைத் திறப்பது போன்ற நொடிப்பொழுது வேலைகளில் அவர் சொல்வது ஓரளவு சரி. ஆனால் ஒரு மணி நேரம் வீடியோ மாற்றுவது, இரண்டு மணி நேரம் விளையாடுவது போன்ற வேலைகளில் சரிப்படாது. மேலே சொன்ன 0.512 கணக்கைப் பாருங்கள். வேகம் குறைந்ததால் வேலை நாலில் ஒரு பங்கு நேரம் அதிகம் எடுத்தாலும், பிராசசரின் மொத்தச் செலவு முன்பைவிடக் குறைவாகவே வரும். நாம் பெரும்பாலும் செய்யும் டைப்பிங், பில், பாட்டு, படம் ஆகியவற்றுக்கு அந்த உச்ச வேகம் தேவையே இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டு டிஜிட்டல் ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் மீதே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்பது ஏறக்குறைய 19 வாட். பிரிட்ஜ், பேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் பெட்டியின் பசி தெரிந்துவிடும்.

பிறகு விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஹை பெர்பார்மன்ஸ் என்று இருந்தால் பேலன்ஸ்டு என்று மாற்றுங்கள். அதிலேயே அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்று ஒன்று பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். அதை 100லிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான பிராசசர்களில் அந்தக் கடைசித் துண்டு டர்போ வேகம் நின்றுவிடும். பெரிய வேலை வரும்போது மறுபடி 100 ஆக்கிக்கொள்ளலாம். தெருத் தம்பியின் கம்ப்யூட்டரில் நான் செய்தது இவ்வளவுதான். விளக்கின் சிமிட்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. விளையாட்டில் வித்தியாசமே தெரியவில்லை என்று அவனே சொன்னான்.

50 வாட் குறைந்தால் என்ன பெரிய லாபம் என்று நினைக்காதீர்கள். தினம் 8 மணி நேரம், 60 நாள் என்றால் 24 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். கடைசியில் சேரும் 24 யூனிட்தான் விலை கூடிய யூனிட்.

யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். சுமை குறைந்தால் அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். 2008க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பயாஸில் சி-ஸ்டேட்ஸ் என்று இருப்பதை யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். பிராசசரைத் தூங்க வைக்கும் வசதி அது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் புதிய பயாஸ் போட்டிருக்கிறதா என்று கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

தூசியையும் மறக்க வேண்டாம். சில்லு சூடானால், வேலையே செய்யாமல் கசியும் மின்சாரம் கூடும். ஓசூர் குளிருக்கு ஓரளவு சமாளிக்கலாம். மலை இறங்கி கிருஷ்ணகிரி போய்விட்டால் வெயில் சும்மா விடாது. கிரானைட் பட்டறைத் தூசி படியும் இடங்களில் ஹீட் சிங்கை அடிக்கடி துடைத்தாக வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் கைக்கடிகாரம்

கடைசியாக ஒன்று. இரண்டு கடிகாரங்களும் உங்கள் மதர்போர்டு மீதே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பது தெரியுமா? கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாலும் தேதியும் நேரமும் மறக்காமல் இருப்பது எப்படி? அங்கேயும் அதே 32,768 படிகம்தான். அதற்குச் சோறு போடுவது சி.ஆர்.2032 என்ற வட்டப் பேட்டரி. பல வருடம் தாங்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், கம்ப்யூட்டரில் வருடம் பின்னோக்கிப் போய்விட்டது, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றார். சர்வீஸுக்கு எடுத்துப் போன கடையில் மதர்போர்டே போய்விட்டது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டார்களாம். நான் அந்த வட்டப் பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரி செய்து கொடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது. உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திர முத்திரை 2006ல் தொடங்கியது. கடையில் அசெம்பிள் செய்து தரும் கம்ப்யூட்டர் மீது அப்படி எந்த முத்திரையும் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிகா ஹெர்ட்ஸ் அச்சிடும் விலைப்பட்டியலில் பக்கத்திலேயே அடிப்படை வாட், உச்ச வாட் இரண்டையும் கடைக்காரர்கள் அச்சிடட்டும். தயாரிப்பாளர்கள் வெளியிடும் எண்தான் அது, மறைக்க ஒன்றும் இல்லை.

அவர்கள் அச்சிட வேண்டுமானால் நாம் கேட்க வேண்டும். அடுத்த முறை கடையில் "எத்தனை கிகா ஹெர்ட்ஸ்?" என்று கேட்டு முடித்ததும், "எத்தனை வாட்?" என்றும் கேட்பீர்கள்தானே?